இரண்டு பூட்டுக்குள் ஒரு நாய்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கிழக்கு ஓரமாகப் போய் நின்றால் அடுத்த வீட்டுக் கார் ஷெட்டின் பாதி தெரியும். அந்தப் பாதியில்தான் நாயின் பின்னங்கால்களும் வாலும் கிடந்தன. தலை தூணுக்கு அந்தப் பக்கம். அந்த நாட்களில் துணி காயப்போட மேலே போனால் நான் முதலில் பார்த்தது அந்த வாலைத்தான். அசைந்தால் என் வேலையைப் பார்ப்பேன். அசையாவிட்டால் ஒரு துணிக் கிளிப்பை எடுத்து ஷெட்டின் தகரக் கூரைமேல் எறிவேன். சத்தம் கேட்டு வால் தரையை ஒருமுறை தட்டும். அதற்குப் பிறகுதான் துணியை உதறுவேன்.

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவள் நான். வரிசை தவறினால் எனக்கே பிடிக்காது.

அந்த வீட்டுப் பெரியவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். கடைசிக் காலத்தில் அவருக்குத் துணை இந்த நாய்தான். நாட்டு நாயும் லேப்ரடாரும் கலந்த, வைக்கோல் நிறத்து ஆண் நாய். பெரியவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் எங்கள் தெரு முனையிலேயே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், வீடும் கடைக்குப் பின்னால்தான். இளையவர் நாகர்கோவிலில் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறவர். இருவருக்கும் நடுவில் பிறந்த மகளைக் குலசேகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கல்யாணத்தின்போதே, இந்த வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பெரியவர் உயில் எழுதவில்லை. காரியங்கள் முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அப்போதெல்லாம் நாய்க்கு ஒரு குறையும் இல்லை. அது காம்பவுண்டுக்குள் அவிழ்ந்துதான் திரிந்தது. மூத்தவரின் மனைவி தினமும் வந்து சோறு வைத்துவிட்டுப் போவார். அவரை நான் மைனி என்றுதான் கூப்பிடுவது, அவர் கணவரை அண்ணன் என்று.

சாரல் தொடங்குவதற்குச் சற்று முன்னால், கோர்ட்டு அனுப்பிய கமிஷன் வக்கீல் வந்து வீட்டையும் கிணற்றையும் மரங்களையும் பார்த்து எழுதினார். அவரைப் பார்த்து நாய் குரைத்தது. இளையவர் அதைப் பிடித்து ஷெட்டுத் தூணில் சங்கிலி போட்டார். வேலை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். கேட்டில் அண்ணன் தன் பூட்டைப் போட்டார். தம்பி அதற்குப் பக்கத்திலேயே தன் பூட்டைப் போட்டார். ஒருவர் சாவி மற்றவரிடம் கிடையாது. வழக்கு முடியும்வரை எல்லாம் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவும் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சொத்து வழக்குப் பார்க்காத குடும்பம் குறைவு. அதனால் ஸ்டே என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டியதைவிடக் கூடுதலாகவே தெரியும். வழக்கில் கிடக்கும் தென்னை விளையில் தேங்காய் விழுந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால், நிலம் தன் கைவசம் இருப்பதாக அனுபவம் காட்டுவதற்காக எடுத்தான் என்று எதிராளி எழுதிக்கொடுத்துவிடுவான். தேங்காய் விழுந்த இடத்திலேயே கிடந்து முளைக்கும். சில விளைகளில் அப்படி முளைத்த தென்னைகள் காய்க்கவே தொடங்கிவிட்டன, வழக்கு முடியவில்லை.

மைனி உள்ளே போவது அன்றோடு நின்றது. ஆனால் அண்ணன் நாயை மறக்கவில்லை. தினமும் சாயங்காலம் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, வாழையிலையில் பொதிந்து, கேட்டுக்கு மேலே கையை நீட்டி உள்ளே போட்டுவிட்டுப் போவார். அது முழுக்கத் தகரம் அடித்த உயரமான கேட். உள்ளே எதுவும் தெரியாது. அவர் பொதி போடுவதை நான் பலநாள் பார்த்திருக்கிறேன். நாய் சாப்பிடுகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அவ்வப்போது குரைக்கிற சத்தமும் கேட்டது. எங்கள் முருங்கை மரம் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றதால் ஷெட் எனக்குத் தெரியாது.

சாரல் காற்றில் ஒருநாள் முருங்கை முறிந்து விழுந்தது. மறுநாள் காலையில் மாடிக்குப் போனபோதுதான் முதல்முறையாக அந்த வாலைப் பார்த்தேன். வாலுக்கு மேலே இடுப்பு எலும்பு இரண்டு முளைகளாகத் துருத்தி நின்றது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது நாய் எழுந்து தூணைச் சுற்ற முயன்றது. சங்கிலி இழுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு பெரிய முற்றம் இருக்கிறது. பொதி விழுகிற இடத்தில் காக்கைகள் கூடியிருந்தன. ஒரு கீரி இலையைச் செம்பருத்திச் செடிக்குள் இழுத்துக்கொண்டு போனது.

நான் மருந்துக் கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறவள். எந்த மருந்தும் சேர வேண்டியவர் கைக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் என் தொழில். அன்று வேலைக்குப் போகிற வழியில் அண்ணனின் கடையில் ஏறி விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நான் நெதமும் பொதி போடுகேன்லா பிள்ளே. நீயும் பாத்திருக்கியே."

"பொதி கேட்டுக்குப் பக்கத்தில விழுது அண்ணே. நாய் ஷெட்டில கெட்டிக் கிடக்கு. கமிஷன் வந்த அன்னைக்குக் கெட்டினது. ஆரும் அவுக்கல்ல."

"கெட்டினவன் அவுத்திருப்பான். அவன் என்ன அவ்வளவு கொடூரனா?"

தம்பியைப் பற்றி அவர் நல்லதாக ஒன்று சொல்லி அந்த ஆண்டு முழுக்க நான் கேட்டது அன்றைக்குத்தான். எல்லோரும் ஒன்றாக வெளியே வந்ததையும் அப்போதே இரண்டு பூட்டும் விழுந்ததையும் நான் நினைவுபடுத்தினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, காலையில் கேட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு பருக்கைகூடக் கிடப்பதில்லை, பிறகு அந்தச் சோற்றை யார் தின்றது என்று கேட்டார். காக்கையும் கீரியும் என்றேன். காக்கை மீன் தலையைத் தின்னும், இவ்வளவு சோற்றைத் தின்னுமா என்று வாதாடினார். அவருக்கு என்மேல் வருத்தம் என்பது தெரிந்தது. அவர் ஒருநாள்கூடத் தவறாமல் செய்துவந்த ஒரு காரியத்தை நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இளையவருக்கு ஃபோன் செய்தேன். அவர் மரியாதையாகவே பேசினார். "அக்கா, கமிஷனர் ரிப்போர்ட்டில நாய் ஒண்ணு கெட்டின நெலையில இருக்குண்ணுதான் எழுதியிருக்கு. இப்ப அவுத்தா நெலமையை மாத்தினதா ஆயிரும். நான் சொல்லல, வக்கீல் சொல்லுகாரு." பிறகு, அண்ணன் பக்கத்திலேயேதானே இருக்கிறார், அவர் சோறு போடுவதாகத்தான் தன்னிடம் சொன்னார்கள் என்றார். போட்ட சோறு சேரவில்லை என்று சொன்னதற்கு, அப்படியானால் அது அண்ணனின் குறை, அதையும் வக்கீலிடம் சொல்லிவைக்கிறேன் என்றார்.

அன்று முதல் நாங்கள் மாடியிலிருந்து சாப்பாடு எறியத் தொடங்கினோம். என் வீச்சு மதிலைத் தாண்டுவதற்குள் விழுந்துவிடும். என் கணவரின் வீச்சு சேர்ந்தது. கல்ஃபில் பைப் ஃபிட்டராக இருந்துவிட்டுத் திரும்பியவர் அவர். முதலில் அவருக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில், நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் முதலில் வருவது அவர்கள்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டேதான் அவித்த கிழங்கை உருண்டையாகப் பிடித்து எறிந்தார். நாலில் ஒன்று சங்கிலிக்கு எட்டும் இடத்தில் விழுந்தது.

தண்ணீரை எறிய முடியாது. மழை பெய்த நாட்களில் கூரையிலிருந்து வடியும் தண்ணீர் நாயின் அலுமினியச் சட்டியில் விழுந்துகொண்டிருந்தது. மழை விட்டதும் சட்டி காய்ந்தது. ஒரு காலையில் நான் எழுந்து வரும்போது கணவர் மதில் ஓரமாக ஏணி போட்டு நின்றிருந்தார். ஒரு பி.வி.சி. குழாயை வளைவு போட்டு மதிலுக்கு மேலாக நீட்டி, அதன் முனையில் ஹோஸைக் கட்டி, சட்டிக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தார். மதிலின் எங்கள் பக்கத்தில் இரண்டு கிளாம்ப் அடித்து, குழாய் ஆடாதபடி இறுக்கியும் இருந்தார்.

"வேலைண்ணு செய்தா ஒழுங்காட்டுச் செய்யணும்," என்று மட்டும் சொன்னார். நான் குழாயைத் திறந்தேன். சட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு நாய் நக்கிக் குடிக்கிற சத்தம். நாங்கள் இருவரும் ஏணிக்கு அடியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. இளையவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தெருவிலிருந்தபடியே ஹோஸைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அண்ணனும் மைனியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் உட்காரவில்லை.

"அடுத்த வீட்டுக்காரியை வச்சு நான் அனுபவம் காட்டுகேன்னு அவன் கோர்ட்டில எழுதப் போறானாம்," என்றார் அண்ணன். "அதை எடுத்துரு மக்கா. நீ நல்லதுக்குத்தான் செய்த. ஆனா கேசு தோத்தா நான் எங்க போவேன்?"

மைனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். படி இறங்கும்போது திரும்பி, தண்ணீர் குடித்ததா என்று மெதுவாகக் கேட்டார். குடித்தது என்றேன்.

ஹோஸைக் கழற்றினோம். அன்று மாலை நான் கிளிப்பை எறிந்தபோது வால் தட்டவில்லை. இரண்டாவது கிளிப்புக்குத்தான் கொஞ்சம் அசைந்தது. இனி யாரிடமும் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று எனக்குப் பட்டது. புகார் கொடுக்கப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "குடுத்தா அவங்க மொகத்தில எப்பிடி முழிப்ப?" என்றார். தெரியாது என்று சொன்னேன். உண்மையில் எனக்கு அது தெரியத்தான் இல்லை. மாதச் சாமான் முழுவதும் அந்தக் கடையில்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லியைத் தேடிப் பறித்து, தினமும் காலையில் அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் மைனி.

முதலில் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு ஃபோன் செய்தேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டார், படம் அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டு, இது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை, எழுத்தில் புகார் எழுதிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்கள், காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள் என்றார். தானும் இரண்டு இடத்திலும் பேசுவதாகச் சொன்னார். மருத்துவர் சேலம் பக்கத்துப் பெண், இங்கே வந்து அதிக நாளாகவில்லை. என் புகாரைப் படித்துவிட்டு, நாயின் உரிமையாளர் பெயரை விட்டுவிட்டீர்களே என்று கேட்டார். விடவில்லை, அது கோர்ட்டில் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முழுக்கதையையும் சொன்னேன். இரண்டு பூட்டு என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில வர்றோம். ரெண்டு சாவியும் அங்க இருக்கணும்," என்றார்.

நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன், சாவியோடு வரச் சொல்லி அண்ணனுக்கும் தம்பிக்கும் அங்கிருந்தே சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பியதும் குலசேகரத்துக்கும் ஒரு ஃபோன் செய்தேன். பெரியவர் இறந்த சமயத்தில் மகள் தன் எண்ணை என்னிடம் கொடுத்திருந்தாள். அப்பா வீட்டு நாயை அண்ணன் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் அவளிடமும் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னதை அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "நான் வாறேன் அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை தெருவில் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. மருத்துவரும் அவருடைய உதவியாளரும் வந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் ஒரு காவலரோடு வந்தார். அண்ணன் கடையை மூடாமலே வந்திருந்தார். தம்பி காரில் வந்து இறங்கினார். அவர் காதில் ஃபோன், மறுமுனையில் வக்கீல். நான் என் வீட்டு வாசற்படியில் நின்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தம்பி பார்த்தார், தலையாட்டவில்லை.

மருத்துவர் கேட்டைத் திறக்கச் சொன்னார். தம்பி முதலில் திறக்கட்டும் என்றார் அண்ணன். அண்ணன் திறக்கட்டும் என்றார் தம்பி. முதலில் திறந்தவர் உத்தரவை மீறியவர் ஆகிவிடுவார் என்பது இருவரின் கணக்கு. திறக்காவிட்டால் உடைக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். உடைத்தால் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று தம்பி வக்கீலிடம் கேட்டார். சப் இன்ஸ்பெக்டர் வயதான மனிதர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சாவியை உள்ள போடுங்க," என்றார். "நான் மூணு எண்ணுகேன். ஒண்ணாட்டுத் திருப்புங்க. முன்னே பின்னே திருப்பினவன் மேல நானே கேசு போடுகேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் உரச நின்று சாவியைப் போட்டார்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அவர்கள் அவ்வளவு அருகில் நின்று நான் பார்க்கவில்லை. சப் இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே எண்ணினார். இரண்டு பூட்டும் ஒன்றாகக் கழன்றன.

அவர்களுக்குப் பின்னால் நானும் போனேன். உள்ளே போனதும் அண்ணன் நின்றுவிட்டார். செம்பருத்திச் செடியின் அடியில் காய்ந்த வாழையிலைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் அவர் பொதிந்த இலைகள். பொதியைக் கட்டிய வாழைநார்கூடச் சிலவற்றில் அப்படியே இருந்தது. குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். இலையைக் கீழே போட்டுவிட்டு ஷெட்டை நோக்கி நடந்தார்.

நாய் படுத்திருந்தது. கழுத்துப் பட்டை தோலை அறுத்துப் புண்ணாகியிருந்தது. பக்கத்தில் சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாவின் தோலும் கொட்டைகளும் சிதறிக் கிடந்தன. ஷெட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கும் சக்கை மரத்திலிருந்து பழுத்து விழுந்தவற்றைத் தின்றுதான் இவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். சக்கைக் காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது. மரத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

சங்கிலியின் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. தன்னைக் கட்டிப்போட்டவர் என்ற கணக்கெல்லாம் நாயிடம் இல்லை. இளையவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் கழுத்தை நீட்டி அவர் புறங்கையை நக்கியது. அவர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வக்கீலின் குரல் பைக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. கொக்கியைத் திறக்க அவருக்கு முடியவில்லை. அண்ணன் வந்து பட்டையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டார். கொக்கி விட்டது.

உதவியாளர் தண்ணீர் காட்டினார். மருத்துவர் ஊசி போட்டார், புண்ணைக் கழுவினார், பிழைக்கும் என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் நான் மதிலில் சாய்ந்துகொண்டேன்.

ஆனால் அடுத்த கேள்வி வந்தது. நாயை யார் கொண்டுபோகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். இருவருமே வாய் திறக்கவில்லை. என்னுடையது என்றால் அப்பா பொருளைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொண்டதாக ஆகும். என்னுடையது இல்லை என்றால் அப்பா பொருளில் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகும். அப்படித்தான் இருவரும் நினைத்தார்கள் என்று பிறகு மைனி என்னிடம் சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். சங்கத்துக்கே அனுப்பிவிடலாமா என்று மருத்துவர் ஃபோனை எடுத்தார்.

அப்போது ரப்பர் ஷீட் ஏற்றுகிற ஒரு ஜீப் தெருவில் வந்து நின்றது. மகள் இறங்கினாள். ஓட்டிவந்த அவள் கணவர் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் யாரையும் விசாரிக்காமல் நேரே ஷெட்டுக்குப் போய் நாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அதன் தலையைத் தடவினாள், விலா எலும்புகளைத் தடவினாள். பிறகு எழுந்து மருத்துவரிடம், தான் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.

தம்பி அரைமனதாக ஏதோ சொல்ல வந்தார், கோர்ட்டு உத்தரவு என்று.

"எனக்கு இந்த வீட்டில ஒண்ணும் வேண்டாம்ணு ஒப்புப் போட்டுக் குடுத்தாச்சு," என்றாள் அவள். அவள் குரல் உயரவே இல்லை. "கல்லும் மண்ணும் மரமும் உங்களுக்கு." நாயைக் கைகாட்டினாள். "எனக்க அப்பா வளத்த பட்டிக்கு எவனும் எங்கிட்ட ஒப்பு வாங்கல. வாங்கியிருந்தா காட்டுங்க."

சப் இன்ஸ்பெக்டர் சட்டென்று வேலையை முடித்தார். சிகிச்சைக்காக நாயை மீட்டுச் சகோதரியின் பராமரிப்பில் விட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினார். அண்ணனும் தம்பியும் உரிமையாளராகக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சாட்சியாகப் போட்டால் போதும் என்றார். சாட்சி என்றதும் இரண்டு பேரும் பேனாவுக்குக் கை நீட்டினார்கள். எதிரெதிராக வழக்காடுகிற இருவர் ஒரே தாளில், ஒருவருக்குக் கீழே ஒருவராக, ஒரே விஷயத்துக்குச் சாட்சியானார்கள்.

நாயை ஜீப்பின் பின்பக்கம் ஒரு பழைய போர்வையில் கிடத்தினார்கள். அவள் முன்னால் உட்காராமல் அதன் பக்கத்திலேயே ஏறிக்கொண்டாள். ஜீப் திரும்பும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கேட்டில் மறுபடியும் இரண்டு பூட்டும் விழுந்தன.

இனி மிச்சமிருந்தது என் பயம் மட்டும்தான். புகார் கொடுத்தது நான் என்பது தெருவுக்கே தெரியும். வீட்டில் துவரம் பருப்பு தீர்ந்திருந்தது. வேறு கடையில் வாங்கலாமா என்று கணவரிடம் கேட்டேன். நாளைக்கே போகாவிட்டால் பிறகு ஒருநாளும் போக மாட்டாய் என்றார் அவர். அது சரியாகப் பட்டது.

காலையில் கடைக்குப் போனேன். மைனி உள்ளே இருந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பருப்பை நிறுத்தார். பொட்டலம் மடித்தார். நூல் சுற்றினார். வழக்கமாகச் சொல்லும் மழைச் செய்தி, சந்தை விலை எதுவும் சொல்லவில்லை. நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"தங்கச்சி விளிச்சா," என்றார் பின்னாலிருந்து.

நின்றேன்.

"ராத்திரி கஞ்சி குடிச்சுதாம். காலத்தயும் குடிச்சுதாம்." தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "முட்டை குடுக்கலாமாண்ணு கேக்கா. நீ மருந்துக் கடையில இருக்கவ, உனக்குத் தெரியுமே."

அவித்து, கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்றேன். சொல்லிவிடுகிறேன் என்றார். உள்ளேயிருந்து மைனி, சாயா போட்டிருக்கிறேன், குடித்துவிட்டுப் போ என்றார். வேலைக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் நின்று குடித்தேன். மருந்துக் கடைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன், எனக்கு அது அபூர்வம்.

ஓணம் கழிந்து ஒரு விடுமுறை நாளில் நானும் கணவரும் குலசேகரம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். அவள் எங்களை எதிர்பார்த்து வாசலில் நின்றிருந்தாள். அண்ணன் சனிக்கிழமைகளில் வருகிறாராம், தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில். ஒருவர் வருகிற நாள் மற்றவருக்குத் தெரியும், அதனால் தப்பிக்கொள்கிறார்களாம். வழக்கு அப்படியே இருக்கிறது. "ரெண்டு பேரும் எங்கிட்ட கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பறையமாட்டினும்," என்று சிரித்தாள். "வந்தா நேரே அதுக்க பக்கத்தில போய் உக்காருவினும்."

நாய் வீட்டின் பின்புறம், ஷீட் உலர்த்துகிற கொடிகளுக்குக் கீழே, வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்திருந்தது. கழுத்துப் புண் ஆறி, அங்கே புதிய ரோமம் வளரத் தொடங்கியிருந்தது. இடுப்பு எலும்பு சதைக்குள் போய்விட்டது. கழுத்தில் பட்டை இல்லை. நான்கு கால்களையும் நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தது. முதல்முறையாக அதன் முகத்தை அவசரமில்லாமல் பார்த்தேன்.

"எழுப்பட்டா அக்கா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். அவள் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள். நாங்கள் மூவரும் அதில் உட்கார்ந்தோம்.